ஓக்லாந்தில் மாத்து கேட்டுப் போனோம்

கோயமுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் பராமரிப்பு சூப்பர்வைசர். லிப்ட் நின்றாலும் குழாய் ஒழுகினாலும் என்னைத்தான் தேடுவார்கள். இந்த மாதிரி ஆளை அமெரிக்காவுக்கு அனுப்பி வைக்க யாருக்கும் எந்த முகாந்திரமும் கிடையாது. எங்கள் சேர்மனுக்குத் திடீரென்று ஆஸ்பத்திரிக்கென்று சொந்த லாண்டரி வைக்கும் ஆசை வந்ததால் எனக்கு அந்த யோகம் அடித்தது.

சேர்மனின் தங்கை மகன் சரவணன் கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். இரண்டாயிரமாவது வருடம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்களெல்லாம் படுத்துவிடும் என்று பயந்து நம் ஊர்ப் பையன்களை அவர்கள் அள்ளிக்கொண்டு போன சமயம் அது. ஓக்லாந்தில் அவன் சட்டைகளை வெளுக்கப் போடும் சீனக்காரர் கடையை மூடப்போகிறார், பெரிய மெஷின்களெல்லாம் சல்லிசாகக் கிடைக்கும் என்று மாமாவுக்குப் போனில் சொல்லியிருக்கிறான். மாமா என்னைக் கூப்பிட்டு, போய்ப் பார்த்துவிட்டு வா, தங்கச்சி குடும்பமும் இப்போது அங்கேதான் இருக்கிறது, அங்கேயே தங்கிக்கொள் என்றார்.

கலிபோர்னியா என்றால் வெயில் என்று சொல்லியிருந்தார்கள். நான் இறங்கிய ஆகஸ்ட் மாதத்தில் சான்பிரான்சிஸ்கோ ஊட்டி மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. ஸ்வெட்டர் கொண்டுபோகவில்லை. சரவணன் தன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தான். நல்ல பையன், இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீடு இருந்த பிரிமாண்ட் போய்ச் சேரும்வரை என்னை சார், சார் என்று கூப்பிட்டுக்கொண்டே கார் ஓட்டினான்.

வீட்டில் அவன் அம்மா அரிசியும் பருப்பும் சாதம் பண்ணி வைத்திருந்தார்கள். விமானத்தில் கொடுத்த ரப்பர் கோழிக்குப் பிறகு அந்த நெய் வாசனைக்கு எனக்குக் கண் கலங்கியது. அவன் அப்பாவை எல்லோரும் ஐயா என்றார்கள். ஆறு மாத விசிட்டுக்கு வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற வருகிற கார்களைப் பார்ப்பதே வேலையாக இருந்தார். "காருதான் போகுது. மனுசனக் காணோமுங்க" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

சாப்பாட்டுக்கு நடுவில் அம்மா கேட்டார்கள். அந்தக் கேள்வி வரும் என்று விமானத்திலேயே எனக்குத் தெரியும்.

"தம்பிக்கு எந்த ஊருங்க?"

"பவானிப் பக்கமுங்க."

"அப்பா என்ன பண்றாருங்க?"

"ஜவுளி சம்பந்தப்பட்ட வேலைங்கம்மா."

அது பொய் இல்லை. என் அப்பா மாரப்பன் ஊர்த்துணி வெளுத்தவர். காலையில் வீடு வீடாகப் போய் அழுக்கு எடுத்து, ஆற்றில் வெளுத்துப் போட்டுவிட்டு, பொழுது சாய்ந்தால் அதே வாசல்களில் சோறு வாங்கி வருவார். பண்ணையக்காரர் வீட்டுப் பொடிசுகள்கூட அவரை "மாரா, வாடா" என்றுதான் கூப்பிடும். என்னை ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் வைத்து, இனிமேல் எவன் வீட்டு அழுக்கு மூட்டையையும் நீ தொடக்கூடாது என்றார். சேர்மனுக்கு இதெல்லாம் தெரியும். தங்கையிடம் அவர் சொல்லாமல் விட்டதை எனக்குச் செய்த மரியாதையாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் இருந்து கிளம்பும்வரை அது அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே கவலை. மெஷினெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மறுநாள் ரயிலில் ஓக்லாந்துக்குக் கிளம்பினேன். பார்ட் என்று பெயர். நம் ஊர் மின்சார ரயில் மாதிரி நெரிசல் கிடையாது, யாரும் யாருடனும் பேசுவதும் கிடையாது. நேரம் மாறிய அசதியில் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது காது அடைத்து, வெளியே ஒரே இருட்டு. ரயில் ஓக்லாந்தை விட்டுக் கடலுக்கு அடியில் சான்பிரான்சிஸ்கோவுக்குப் போய்க்கொண்டிருந்தது. திரும்பி வந்து இறங்கினால் கதவு என் டிக்கெட்டைத் துப்பியது. கண்ணாடிக் கூண்டிலிருந்த கறுப்பின அம்மாள் நான் தூங்கிப்போன கதையைக் கேட்டுவிட்டுத் திறந்துவிட்டார். கடலுக்கு அடியில் போனது எப்படி இருந்தது என்று கேட்டார். ஒன்றும் தெரியவில்லை என்றேன். அவருக்கும் அப்படித்தான் என்றார்.

லாண்டரி இருந்த தெருவில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. ஜன்னல் கண்ணாடியில் சிவப்பு எழுத்து உரிந்திருந்தது. உள்ளே போனதும் முகத்தில் அடித்த நீராவியும் சோப்பு வாடையும் எனக்கு அறிமுகம் தேவைப்படாதவை. உரிமையாளர் பெயர் ஃபோங். அறுபதைத் தாண்டியவர், பனியனும் ஏப்ரனும் போட்டிருந்தார். கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்து வாடகை ஏறிப்போனதால் கட்டடத்தை விற்றுவிட்டார்கள், அவர் காலி செய்ய வேண்டும். இதை அவர் யாரோ ஒருவருடைய கதையைச் சொல்வதுபோல் சொன்னார்.

கல்லாவுக்கு மேல் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. நூறு வருடத்துக்கு முந்தைய இதே தெரு. மரத்தால் கட்டிய கடை ஒன்றின் முன்னால் நீளப் பின்னல் போட்ட நான்கு சீனர்கள் சிரிக்காமல் நின்றார்கள். ஒருவர் ஃபோங்கின் கொள்ளுத்தாத்தா. பகலெல்லாம் தேய்த்துவிட்டு, ராத்திரி அதே மேஜைமேல் படுத்துக்கொள்வார்களாம். ஜன்னலுக்குக் கண்ணாடி போடப் போட, தெருப் பையன்கள் கல்லால் உடைப்பார்களாம். வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் சான்பிரான்சிஸ்கோவில், மரக்கட்டடத்தில் லாண்டரி நடத்த அனுமதி வேண்டும் என்று சட்டம் போட்டார்களாம். கேட்ட வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, கேட்ட சீனர்களை மட்டும் திருப்பி அனுப்பினார்களாம். "அவர்கள் வெறுத்தது துணியை இல்லை, எங்களை. அவர்களுடைய துணிகள்தானே எங்களிடம் இருந்தன" என்றார் ஃபோங்.

மதியம் அவர் எனக்கு நூடுல்ஸ் கொடுத்தார். ஆளுக்கொரு கிண்ணத்தோடு துணி மூட்டைமேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் மகன் பல் டாக்டராம். ஆஸ்பத்திரியில் யாராவது கேட்டால் அப்பா பிசினஸில் இருக்கிறார் என்பானாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று கேட்டார். ஊரில் ஐ.டி.ஐ. நண்பர்களுக்கும் பெண் கொடுத்த மாமனாரின் அக்கம்பக்கத்துக்கும் சொல்லாததை, நூடுல்ஸ் கிண்ணத்தோடு ஒரு சீனக்காரரிடம் சொன்னேன். என் அப்பா துணி வெளுப்பவர், அவர் அப்பாவும் அப்படித்தான் என்றேன். வாயிலிருந்து வந்தபிறகு உடம்பே லேசாகிவிட்டது. சாப்பிட்டதும் ஃபோங் ஒரு படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை என்னிடம் நீட்டினார். உதறி, இழுத்து, மடித்தோம். ஒரு தடவைகூட முனை தப்பவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலை ஐயா பல் துலக்கிவிட்டு ஜன்னலோர நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அம்மா காபி டம்ளரை நீட்ட, வாங்கக் கை தூக்கினார். கை பாதியிலேயே விழுந்துவிட்டது. சரவணன் போன் பண்ணிய சில நிமிடத்தில் ஆஜானுபாகுவான ஆட்கள் வந்து தரையில் கிடத்தி நெஞ்சை அமுக்கினார்கள். ஆஸ்பத்திரியில் அரை மணி நேரம் கழித்து ஒரு டாக்டரம்மா வந்து சொன்னார். அம்மா அழவில்லை. ஐயாவின் செருப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, இதை யாரிடம் கொடுப்பது என்று என்னைக் கேட்டார்கள்.

ஊருக்குக் கொண்டுபோவதைப் பற்றிப் பேசினார்கள். பேப்பர் வேலை முடியவே பல நாள் ஆகும் என்றதும், அதுவரை ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டாம், இங்கேயே எரித்துவிடலாம் என்று அம்மாவே சொன்னார்கள். சாவுக் காரியம் நடத்தும் கம்பெனியில் கறுப்பு கோட்டு போட்ட ஒருவர் தாழ்ந்த குரலில் பெட்டிகளின் படங்களைக் காட்டினார். தீச்சட்டி கூடாது, தேங்காய் உடைக்கலாம், பூ போடலாம், அழலாம் என்றார். வெள்ளிக்கிழமைதான் நேரம் கிடைத்தது. நம் ஊரில் ஒரு சாவுக்கு ஊரே வந்து நிற்கும். இங்கே வந்தவர்கள் ஆபீசுக்குச் சொல்லிவிட்டு வந்தார்கள், காரை எங்கே நிறுத்துவது என்று கேட்டார்கள்.

அம்மா எல்லாவற்றுக்கும் சரி என்றார்கள். ஒன்றுக்கு மட்டும் ஒப்பவில்லை. மாத்து வேண்டும் என்றார்கள்.

எங்கள் பக்கத்தில் வெளுப்பவர் வீட்டிலிருந்து வருகிற துணிக்கு மாத்து என்று பெயர். அது யாருடைய வேட்டியாகவும் இருக்கலாம், வெளுத்தவர் கை பட்டிருக்க வேண்டும். சாவு கிளம்பும்போது அவர்தான் பாடைக்கு முன்னால் அதை விரித்துக்கொண்டே போவார். தூக்குகிறவர்களின் கால்கூட மண்ணில் படக் கூடாது. "எங்கப்பா, உங்க அப்பச்சி, போனப்ப ஊர்க்கோடி வரைக்கும் மாத்துலயே போனாருடா. உங்கப்பாவ இப்படி வெறுந்தரையில தள்ளிட்டுப் போறதா?" என்று அம்மா மகனைக் கேட்டார்கள். புருஷன் போனதற்கு வராத அழுகை அப்போதுதான் வந்தது.

சரவணன் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான். வெளுப்பவர்தானே வேண்டும், ஓக்லாந்துச் சீனக்காரர் இருக்கிறாரே என்றான். என்னால் சிரிக்கவும் முடியவில்லை. என்னையும் காரில் ஏற்றிக்கொண்டான்.

ஃபோங்குக்கு அவன் இங்கிலீஷில் விளக்கிய அழகை இங்கே எழுத முடியாது. வெள்ளைத் துணி வேண்டும், நீங்கள் துவைத்ததாக இருக்க வேண்டும், அப்பா அதன்மேல் போக வேண்டும் என்றான். ஃபோங் பாதி புரிந்துகொண்டார். சாவு என்றது மட்டும் முழுதாகப் புரிந்தது. உள்ளே போய், இழுத்து மூடிவிட்ட ஏதோ இத்தாலிய ஹோட்டலின் நான்கு மேஜை விரிப்புகளை எடுத்து வந்தார். திருப்பிக் கொண்டுவர வேண்டாம், சாவுக்குப் போன துணி கடைக்குத் திரும்பி வரக்கூடாது, எங்களுக்கும் அப்படித்தான் என்றார். நான்கு போதுமா என்று சரவணன் என்னைப் பார்த்தான். போதும் என்று தலையாட்டினேன். என் அப்பா இரண்டே வேட்டியில் ஒரு ஊரைக் கடத்திவிடுவார்.

பணம் வாங்க மறுத்துவிட்டு, சரவணனின் தோளைத் தட்டி, ஃபோங் அன்பாகத்தான் சொன்னார்: "இதற்கு என்னிடம் ஏன் வந்தாய்? உன் நண்பர் வெளுப்பவர் குடும்பம்தானே. அவர் அப்பா, தாத்தா எல்லோரும் அதுதான். விரிப்பு மடிக்கும்போதே பார்த்தேன், நல்ல கை."

திரும்பும் வழியில் ஃப்ரீவேயில் வண்டிகள் நகரவில்லை. சரவணன் ரேடியோவைப் போட்டான், உடனே அணைத்தான். "நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்க" என்றான். அப்புறம் தயங்கித் தயங்கி, நானே விரித்துக் கொடுத்தால் அம்மா மனசு ஆறும் என்றான். அவன் குரலில் ஏளனம் துளியும் இல்லை. எனக்குத் திட்டவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

வீட்டுக்குப் போனதும் அவன் உள்ளே போய்ச் சொன்னான். அம்மா எழுந்து வந்தார்கள். முகத்தில் அத்தனை ஆறுதல்.

"ஏப்பா, நீ வெளுக்கறவரு மகனாமே? எங்க அண்ணன் ஒரு வார்த்தை சொல்லலையே. சாமியே உன்ன அனுப்பிச்சிருக்குது பாரு. வெள்ளிக்கிழம நீ முன்னாடி நின்னு செஞ்சு குடுத்துருப்பா."

அதுவரை தம்பி வாங்க, தம்பி சாப்பிடுங்க என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கேவலப்படுத்த வேண்டும் என்று அவர்கள் நினைக்கவே இல்லை. இருட்டில் தடவிக்கொண்டிருந்தவர்கள் கைக்குப் பழகிய பொருள் ஒன்று தட்டுப்பட்டதும் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அந்தப் பொருள் நான்.

"நான் விரிக்க மாட்டேங்கம்மா."

"ஏனப்பா? உன்ற அப்பன் செஞ்சதுதான?"

"அவரு செஞ்சதாலதாங்க நான் செய்யமாட்டேன்."

அம்மா கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அன்று சாயங்காலம் எனக்குக் காபி காகிதக் கோப்பையில் வந்தது. சாவு வீட்டில் எல்லோருக்குமே காகிதக் கோப்பையில்தான் கொடுத்தார்கள். அதனால் என்னால் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கோப்பையை நான் ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், குடிக்கவில்லை.

வேறு இடத்துக்குப் போய்விடலாம் என்று இரண்டு தடவை பெட்டியைக் கட்டினேன். துஷ்டிக்கு நிற்காமல் போவதும் முறையில்லை என்று இரண்டு தடவையும் அவிழ்த்தேன்.

வெள்ளிக்கிழமை எரிக்கும் இடம் ஒரு கல்யாண மண்டபம்போல் துப்புரவாக இருந்தது. கார் நின்ற வாசலில் இருந்து எரிக்கும் அறையின் கதவுவரை சிமெண்டுத் தரையில் ஒரு நீளமான நடை. ஐயாவின் பெட்டியைச் சக்கர வண்டியில் ஏற்றினார்கள். வேட்டி கட்டி, மேல்சட்டை இல்லாமல் குளிரில் நடுங்கிக்கொண்டு, சரவணன் முன்னால் போய் மண்டியிட்டு மேஜை விரிப்பை விரித்தான். ஒன்றை அடுத்து ஒன்று. வண்டிச் சக்கரம் துணியில் ஏறியது. சுருக்கம் விழாமல் இருக்க அவன் முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டான். கண்ணீர் துணியில் சொட்டியது. கடந்து வந்த துணியைப் பின்னாலிருந்து எடுத்துவந்து முன்னால் போட வேண்டும். அவன் அதைப் பார்த்ததில்லை. அவர்கள் வீட்டில் யாருமே குனிந்து அதைப் பார்த்திருக்கத் தேவை இருந்ததில்லை.

நான்காவது விரிப்பு முடிந்தபோது கதவுக்கு இன்னும் பாதி தூரம் இருந்தது. வண்டி நின்றது. சரவணன் வெறுங்கையோடு தரையில் உட்கார்ந்திருந்தான். கறுப்புக் கோட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

முதல் விரிப்பு வண்டிக்குப் பின்னால், என் காலடியில்தான் கிடந்தது. எடுத்து முன்னால் வீச எவ்வளவு நேரம் ஆகும் என்று என் கைக்குத் தெரியும். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தள்ளச் சொல்லுடா" என்றார்கள். சக்கரம் துணியைவிட்டுச் சிமெண்டில் இறங்கியபோது சத்தம் மாறியது. கதவு வரைக்கும் அந்தச் சத்தம்தான்.

மறுநாள் மோட்டல் ஒன்றுக்குப் போய்விட்டேன். மிச்ச நாட்களில் ரொட்டியும் வாழைப்பழமும் தின்றுகொண்டு மெஷின்களைப் பார்த்து முடித்தேன். துணி தேய்க்கும் உருளைகள் நன்றாக இருந்தன, பாய்லர் தேறாது. கடைசி நாள் ஃபோங் என்னிடம், நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா, உங்கள் நண்பரின் முகம் அன்றைக்கு மாறிவிட்டதே என்று கேட்டார். இல்லை, ஒரு தப்பும் இல்லை என்றேன். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் போட்டோவை அதற்குள் கழற்றிவிட்டிருந்தார்கள். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

ஊருக்கு வந்து இரண்டு நாள் கழித்து அப்பாவைப் பார்க்கப் போனேன். கண் புரை விழுந்து, கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தார். அமெரிக்கா எப்படி என்றார். குளிரைச் சொன்னேன், கடலுக்கு அடியில் போன ரயிலைச் சொன்னேன், சீனக்காரர் கடையைச் சொன்னேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைச் செய்யச் சொன்னார்கள், நான் முடியாது என்றுவிட்டேன், பையனே விரித்தான் என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்துத்தான் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் வைத்து எனக்கு உத்தரவு போட்டவர் அவர்தானே.

அப்பா என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"துணி கடைசி வரைக்கும் எட்டுச்சா?"

"எட்டுச்சுங்கப்பா" என்றேன்.